இலக்கு எடை: எண்ணுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

உடம்பைக் குறைக்க முடிவெடுத்தவர்கள் முதலில் ஓர் எண்ணை மனத்தில் குறித்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அது கல்யாணத்தின்போது இருந்த எடை. சிலருக்கு, சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நூறைக் கழித்தால் வருவது. படித்தவர்கள் பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் உடல் நிறை குறியீட்டெண்) கணக்கைப் பார்க்கிறார்கள். முதலாவது, இன்றில்லாத ஓர் உடம்பின் எடை. மற்ற இரண்டும் உயரத்தை மட்டுமே வைத்துச் சொல்லப்படும் இலக்கு எடைகள்.

இலக்கு வைப்பதில் நன்மை இல்லாமல் இல்லை. ‘கொஞ்சம் இளைக்கணும்’ என்ற ஆசை இரண்டே நாளில் கரைந்துவிடும். எண் இருந்தால் வாராவாரம் சரிபார்க்கலாம், டாக்டரிடம் தெளிவாகப் பேசலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. மெலிவதே வெறியாகிப்போகும் வயதில் இந்தக் கீழ் வரம்பு மிக அவசியம்.

சிக்கல், எண்ணை எதிலிருந்து எடுக்கிறோம் என்பதில் தொடங்குகிறது. பி.எம்.ஐ. சூத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய பெல்ஜிய அறிஞர் கெட்லே, மக்கள்தொகையின் சராசரியை ஆராய்ந்தவர். தனிமனித சிகிச்சை அவர் நோக்கமல்ல. அந்தச் சூத்திரம் தசையையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்காது. 2004இல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் தங்கள் உடம்பையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்தியர்களுக்கு 23 தொட்டாலே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன் என்று வரம்பைத் தாழ்த்தியதற்குக் காரணம், குறைந்த எடையிலேயே நமக்குச் சேர்ந்துவிடும் இந்தக் கொழுப்புதான்.

ஆனால் தாழ்த்திய வரம்பை அப்படியே இலக்காக்கினால் என்ன ஆகும்? 160 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஒரு பெண், 23க்குக் கீழே வர ஏறக்குறைய 20 கிலோ குறைய வேண்டும்; உடம்பில் கால் பங்கு. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடல் பருமன் உள்ள பெண்கள் சராசரியாக 32 சதவீதம் குறைய விரும்பினார்கள். 48 வாரச் சிகிச்சையில் சராசரியாக 16 கிலோ குறைந்தது. அப்படியும், ‘இவ்வளவுதான் குறையும் என்றால் ஏமாற்றமே’ என்று முன்பே அவர்கள் சொல்லியிருந்த எடையைக்கூட ஏறக்குறைய பாதிப்பேர் எட்டவில்லை. 16 கிலோ குறைந்தது மருத்துவத்தில் பெரிய வெற்றி. இலக்கு அதைத் தோல்வியாகக் காட்டியது. இந்த முறையின் ஆகப்பெரிய குறை இதுதான்.

உடல்நலம் கேட்பது அவ்வளவு இல்லை. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தது. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை; ஆனாலும் நீரிழிவு வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை மெஷினில் தெரியாத நன்மை ரத்தத்தில் தெரிந்தது.

ஆகவே இலக்கு வேண்டாம் என்பதல்ல என் முடிவு. ஒற்றை எண்ணாக அது இருக்க வேண்டாம். முதல் கட்டமாக இப்போதைய எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தால் போதும். அந்த 78 கிலோ பெண்ணுக்கு அது நான்கு, ஐந்து கிலோதான். தண்ணீரும் உப்பும் ஒரே நாளில் எடையை ஏற்றி இறக்கும் என்பதால், இரண்டு கிலோ இடைவெளி விட்டு ஒரு வரம்பு வையுங்கள். கூடவே இடுப்புச் சுற்றளவையும் அளந்து வாருங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. அடுத்த கட்டத்தைச் சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகளைப் பார்த்து டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். பட்டினி கிடந்து எட்டிய எடை நிலைக்காது. வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே உங்களால் காப்பாற்ற முடிகிற எடையே உங்களுக்கான இலக்கு.