இளம் ஆட்டக்காரர்களும் தண்டனையும்

தென்னேரியிலும் அதைச் சுற்றி வாலாஜாபாத் வரையிலும் உள்ள ஊர்களில் மாலை வேளைகளில் கபடியும் வாலிபாலும் கிரிக்கெட்டும் பழகுகிற பிள்ளைகளுக்கு, அணியின் கட்டுப்பாட்டை மீறினால் இன்ன தண்டனை என்று எழுதி வைத்த ஏடு பெரும்பாலும் கிடையாது. கோச் என்று எல்லோரும் அழைக்கும் பெரியவர், அவ்வப்போது தமக்குத் தோன்றியபடி, மைதானத்தைப் பத்து ரவுண்டு ஓடு என்பார். தோப்புக்கரணம் போடு என்பார். கோபம் முற்றினால் டோர்னமென்ட் அன்று பெயரைப் படிக்காமல் விட்டுவிடுவார். இந்த வழக்கத்தின் நன்மை தீமைகளை நாம் ஆர அமர ஆராய்ந்ததில்லை. சம்பளம் வாங்காமல் உழைக்கிறவரைக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட காரியமாகத் தோன்றுவதும், அடியாத மாடு படியாது என்ற பழமொழியில் நமக்கிருக்கும் அசையாத நம்பிக்கையும் அதற்குக் காரணங்கள்.

தண்டனையே வேண்டாம் என்று வாதிப்பவர்களோடு நான் சேரவில்லை. ஏழு பேர் கைகோத்து நின்று, பாடி வருகிறவனை மடக்க வேண்டிய கபடியில், ஒருவன் நேரத்துக்கு வராமலும் சொன்னதைக் கேளாமலும் நடுவரை வைதுகொண்டும் இருப்பானாகில், அவனுடைய திறமை எவ்வளவு பெரியதாயினும், மற்ற ஆறு பேருடைய உழைப்பையும் அவன் வீணாக்குகிறான். அவனைக் கண்டும் காணாமல் விடுகிற அணி, ஒழுங்காக வந்து பழகுகிற பிள்ளைக்கு, ஒழுங்கினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்று கற்பித்துவிடுகிறது. ஆட்டத்திலிருந்து சில நாள் விலக்கி வைப்பதில் விசேஷமான ஒரு நியாயமும் உண்டு. எதை விரும்பி மைதானத்துக்கு வந்தானோ அதைத்தான் அவன் இழக்கிறான். உடம்பில் காயமில்லை, பெற்றோரை இழுத்து வைகிற வசவில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, தன் இடத்தில் இன்னொருவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தன் செயலைத் தானே எண்ணிப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது.

ஆனால் தண்டிப்பவர் முதலில் விசாரிக்கிறவராகவும் இருந்தால்தான் அந்த நியாயம் நிலைக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவனை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு, உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவராகவே அவற்றைச் சமாளிக்க முடியாதாகையால் பக்கத்தில் உதவிக்கு இன்னோர் ஆள் உட்கார வேண்டும். கூலி கொடுத்து ஆள் வைக்க வகையில்லாத வீட்டில், அந்த ஆள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையேதான். சேலை அறுக்க வேண்டிய கெடு நெருங்கிவிட்டால், பிள்ளை எழுந்து போகட்டும் என்று தகப்பனாருக்குத் தோன்றினாலும் தறி விடாது. அரை மணி நேரம் கழித்து அவன் மைதானத்துக்கு ஓடி வருகிறான். “எங்கேடா போயிருந்தே?” என்ற அதட்டலுக்கு, இருபது பேர் நடுவில் தன் வீட்டு நிலைமையைச் சொல்லக் கூசித் தலையைக் குனிந்துகொள்கிறான், பத்து ரவுண்டு ஓடி முடிக்கும்போது மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாதி ஆட்டம் ஆடிவிடுகிறார்கள். அணிக்கு ஜெர்சி வாங்கித் தந்தவருடைய பிள்ளையோ, அவனுக்கும் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி நேரே உள்ளே போய் நிற்கிறான். இரண்டு பிள்ளைகளும் அன்று ஒரு பாடம் படிக்கிறார்கள். அது ஒழுக்கப் பாடமன்று. இதை மிகையென்று எண்ணுகிறவர்கள் ஏதேனும் ஓர் ஊர் மைதானத்தில் சில நாள் நின்று பார்க்கலாம்.

சிற்றூர்களுக்கு மட்டும் உரிய குறையன்று இது. 1936-ஆம் வருஷம் இங்கிலாந்துக்குச் சென்ற இந்தியக் கிரிக்கெட் கோஷ்டியில் லாலா அமர்நாத் என்ற இருபத்து நான்கு வயது வாலிபர் இருந்தார், டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியாவுக்காக முதல் சதம் அடித்தவர் அவர். லார்ட்ஸ் மைதானத்தில் மைனர் கௌன்டீஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில், பேடு கட்டிக்கொண்டு காத்திருந்த அவரை விட்டுவிட்டு மற்றவர்களை முன்னே அனுப்பிக்கொண்டிருந்தார் அணித் தலைவரான விஜயநகரம் மகாராஜகுமார். கடைசியில் சிறிது நேரமே ஆடிவிட்டுத் திரும்பிய அமர்நாத், உடை மாற்றும் அறையில் பேடுகளைக் கழற்றி எறிந்து, பஞ்சாபியில் ஏதோ முணுமுணுத்தார். அது தவறுதான்; ஓர் ஆட்டத்தில் உட்கார வைத்தோ, அபராதம் போட்டோ முடித்திருக்கக்கூடிய தவறு. தலைவரும் மானேஜர் மேஜர் பிரிட்டன்-ஜோன்ஸும் அவரை முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னர் பம்பாய்த் தலைமை நீதிபதி பியூமாண்ட் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, அமர்நாத்தைப் பெரும்பாலும் விடுவித்து, மகாராஜகுமாரின் தலைமையைக் கடுமையாகக் குறை கூறியது. அதற்குள் டெஸ்டுகள் மூன்றும் முடிந்துவிட்டன. நடுவே யுத்தம் குறுக்கிட்டமையால், அமர்நாத் மறுபடியும் ஒரு டெஸ்ட் ஆட 1946 வரை காத்திருக்க நேர்ந்தது.

யாருடைய மனம் புண்பட்டதோ அவரே நீதிபதியாகவும் அமர்ந்ததுதான் அன்று நேர்ந்த அநீதியின் வேர். எழுதப்பட்ட விதி இருந்திருந்தால், எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்பதற்கு மூன்றாவது மனிதர் ஒருவர் இருந்திருந்தால், கப்பல் வரை விஷயம் போயிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஏற்பாடு வந்த பிறகு எப்படியிருக்கிறது என்பதற்கு 2020 பிப்ரவரி 9-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் பாட்செஃப்ஸ்ட்ரூமில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டம் சாட்சி. வங்கதேசம் இந்தியாவை மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றவுடன் இரு தரப்புப் பிள்ளைகளும் மைதானத்திலேயே மோதித் தள்ளிக்கொண்டார்கள். சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் இரண்டொரு நாளில் ஐந்து பேர் மீது குற்றஞ்சாட்டியது. வென்றவர்களில் மூவர், தோற்றவர்களில் ஆகாஷ் சிங்கும் ரவி பிஷ்னோயும். ஐவரும் ஒப்புக்கொண்டார்கள், அவரவர் செயலுக்குத் தக்கபடி நான்கு முதல் பத்து வரையில் தடைப் புள்ளிகள் விதிக்கப்பட்டன, புள்ளி ஒன்றுக்கு ஓர் ஆட்டம். ஜயித்தவன் தோற்றவன் என்ற பேதம் பாராமல், முன்கூட்டியே அறிவித்த விதியைக் கொண்டு அளந்து விதித்தமையால் யாருடைய எதிர்காலமும் பறிபோகவில்லை. பிஷ்னோய் 2022-இல் இந்திய அணிக்கே ஆட வந்துவிட்டார். எனினும் இதிலும் ஊனம் உண்டு. தடை சர்வதேச ஆட்டங்களைத்தான் கட்டுப்படுத்தும். வயது கடந்து, மேல் அணிக்கும் தேர்வாகாமற்போன பிள்ளைக்கு அது காகிதத்தோடு நின்றுவிடுகிற தண்டனை. அதைவிடப் பெரிய ஊனம், அந்தத் தீர்ப்பில் பெரியவர் ஒருவருடைய பெயரும் இல்லாதது. ஆட்டம் முழுவதும் ஏறிக்கொண்டே வந்த கொதிப்பைப் பயிற்சியாளர்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியில் இந்த ஊனம் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் பிறப்புச் சான்றிதழைத் தானே திருத்துவதில்லை. திருத்தியவர் தகப்பனாராகவோ பயிற்சியாளராகவோ இருப்பார். பிடிபடும் நாளில் இரண்டு வருஷத் தடையை அனுபவிப்பவன் பிள்ளை. தாமாக முன்வந்து உண்மையைச் சொல்கிறவர்களுக்குத் தடையில்லை என்று 2020-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிவித்ததை ஆகையால் நான் மனமாரப் பாராட்டுகிறேன். திரும்பி வருவதற்கு வாசல் வைத்த ஏற்பாடு அது.

கை நீட்டுவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒருங்கே தடுக்கிறது. 2024 ஆகஸ்டில் சேலம் மாவட்டத்தில், கால்பந்தாட்டத்தில் சரியாக ஆடவில்லை என்று மாணவர்களை உட்கார வைத்து உதைத்த உடற்கல்வி ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதை வீடியோவில் பார்த்த பலர், நாங்களும் இப்படி உதை வாங்கித்தான் வளர்ந்தோம் என்று சமாதானம் சொன்னது எனக்கு மிகுந்த வேதனை தந்தது.

அடியைவிடக் கொடியது, கெடு சொல்லாமல் ஒதுக்கி வைப்பது. நகரத்துப் பிள்ளைக்கு ஓர் அணி இல்லாவிட்டால் இன்னோர் அணி உண்டு. ஊரில் ஒரே அணிதான் இருக்கும். விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிற ஏழைப் பிள்ளையை விடுதியை விட்டே அனுப்பினால் அவன் ஆட்டத்தோடு வேளைச் சோற்றையும் படிப்பையும் சேர்த்து இழக்கிறான். அதே குற்றத்துக்கு வசதியுள்ளவன் ஆட்டத்தை மட்டும் இழக்கிறான். இந்த ஏற்றத்தாழ்வை நினையாமல் விதிக்கிற தண்டனை எதுவாயினும் நியாயமாகாது.

எங்கள் வட்டாரத்தில் பிள்ளைகளைப் பழக்குகிற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விதிகளை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்குரிய விதிகளும் அதில் இருக்கட்டும். தாமதமாக வந்தவனைத் தனியே அழைத்துக் காரணம் கேளுங்கள். ஒருவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க நேர்ந்தால், அவன் திரும்பி வர வேண்டிய தேதியை அன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்.