நீர் காணும் கோல்: ஒரு மரபின் மறு ஆய்வு

கவைக்கோல் ஒன்றைக் கையிற்கொண்டு நிலத்தடி நீரைக் காணும் வழக்கம் தமிழகத்து ஊர்களில் இன்றும் உள்ளது. இதனை நீரோட்டம் பார்த்தல் என்பர். காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரத்திற்கு மாணவர் சிலருடன் யாம் சென்றிருந்தபோது, வயலொன்றில் இதனை நேரிற் காண நேர்ந்தது. வேப்பங்கவட்டையின் இரு கிளைகளையும் இரு கைகளிற் பற்றி ஒருவர் நடந்தார். ஓரிடத்திற் கோல் தாழ்ந்தது. அங்கே கல் நடப்பட்டது. நிலத்துக்கு உரியவர், வீட்டு நகையை அடகு வைத்து ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் பொருள் திரட்டியவர். யாம் தமிழ் கற்பிப்போர் என்று அறிந்ததும், “ஐயா, இது நம் முன்னோர் நூலில் உள்ளதுதானே?” என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோல்கொண்டு நீர் காணுதல் பழம்பெரு நூல்களிற் கூறப்பட்ட கலை என்பார் பலர். அவர் முதற்கண் காட்டுவது, கி.பி. 6-ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையின் ‘தகார்களம்’ என்னும் இயல். தகம் என்பது நீர். அர்களம் என்பது கதவின் தாழ். இரண்டும் சேர்ந்து ‘நீர்த்தாழ்’ என்னும் பொருளைத் தரும். தாழினைத் தமிழில் தாழ்க்கோல் எனவும் வழங்குதலின், தாழ் கோலாகவும், அக்கோல் நீர் காட்டும் கோலாகவும் பொருள் திரிதற்கு இடம் ஏற்பட்டது. நிலத்தினுள் அடைபட்ட நீரைத் திறக்கும் அறிவு என்பதே பெயரின் கருத்தாதல் வேண்டும் என்பது எம் கருத்து. பெயரை மட்டும் கொண்டு வாதிடுதல் போதாது. இயலின் உள்ளே புகுந்து நோக்குவோம்.

மனித உடலிற் குருதி நாளங்கள் ஓடுதல்போல நிலத்தினுள்ளும் நீர் நாளங்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன என்பது ஆசிரியர் கொள்கை. அவற்றை அறிதற்கு அவர் கூறும் அடையாளங்கள் மரம், புற்று, மண்ணின் நிறம், பாறை, தவளை முதலியன. நீரற்ற நிலத்தில் வஞ்சிக்கொடி காணப்படின், அதற்கு மேற்கே மூன்று முழத் தொலைவில் ஒன்றரைப் புருட ஆழத்தில் நீர் உண்டு என்பர். புருடம் என்பது கையுயர்த்தி நின்ற ஆளின் அளவு. நாவல் மரத்துக்கு வடக்கே மூன்று முழத்தில், இரண்டு புருட ஆழத்தில் நீர் உண்டு என்பதும் அவர் கூற்றே. இவ்வளவுகள் எல்லா நிலத்துக்கும் பொருந்தும் என்று இன்றைய நிலநூலார் கொள்ளார். எனினும் ஒன்று தெளிவு. இவை யாவும் கண்ணாற் கண்டும் அகழ்ந்து பார்த்தும் சரி, பிழை என்று துணியத்தக்கவை. கையிற் பிடித்த கோல் தானே தாழும் என்ற செய்தி இவ்வியலில் யாண்டும் இல்லை.

கூறப்படாமை இன்மைக்குச் சான்றாகுமோ எனின், எல்லா இடத்தும் ஆகாது. ஆயின் நீர் காணும் வழிகளைத் தொகுத்துரைக்கவே எழுந்த இயல், புற்றையும் தவளையையும் விடாது எண்ணுமிடத்து, கோலை மட்டும் மறந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது.

இனித் தமிழ் நூல்களை நோக்குவோம். சங்கச் செய்யுட்களில் கூவல் என்னும் சொல் பயில வருகின்றது. நற்றிணை 240-ஆம் பாடல், கணிச்சியால் அகழ்ந்த கூவலையும், ஆநிரை மேய்ப்போர் தோண்டிய பத்தலையும், அந்நீரைக் கவரும் யானைக் கூட்டத்தையும் காட்டுகின்றது. ஐங்குறுநூறு 203-ஆம் பாடலில், மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர் தலைவிக்குத் தேன் கலந்த பாலினும் இனிதாகின்றது. அந்நீரும் தழை மூடிய கூவலின் நீரே. மணற்கேணி தோண்டுமளவுக்கு ஊறும் என்பதைத் திருக்குறள் 396 கல்விக்கு உவமையாக்குகின்றது. இம்மூன்றிடத்தும் பேசப்படுவன கருவியும், உழைப்பும், வேட்கையும் ஆம்; நீரைக் காட்டும் கோல் அன்று. கல்வெட்டுக்களிற் பயிலும் கோலோ நிலம் அளக்கும் கோல். சோழர் காலத்து உலகளந்த கோல் யாவரும் அறிந்தது. பிற்காலத்துக் கூவநூற் செய்யுட்களைச் சான்று காட்டுவோர், முதற்கண் அவற்றின் காலத்தை நிறுவுதல் வேண்டும்.

கோல் பற்றிய விரிவான பழைய குறிப்பு ஐரோப்பாவிற் கிடைக்கின்றது. 1556-இல் வெளிவந்த அகரிக்கோலாவின் சுரங்க நூல், கவைக்கோல் கொண்டு உலோக நாளம் தேடும் தொழிலாளரை விளக்குகின்றது. இயற்கை அடையாளங்களை அறிந்த தேர்ச்சியாளனுக்கு அக்கோல் வேண்டுவதில்லை என்றும் அவ்வாசிரியர் உரைக்கின்றார். காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட வராகமிகிரரும் அகரிக்கோலாவும் அடையாளம் நோக்குதலாகிய ஒரே நெறியில் நிற்றல் கருதத்தக்கது.

கோல் தாழ்வது பொய்யோ எனின், பிடித்தவர் ஏமாற்றுகின்றார் என்று கூறுதல் முறையன்று. எண்ணத்தின் வழியே தசை தன்னையறியாது இயங்கும் என்பதைக் கார்ப்பெண்டர் 1852-இல் விளக்கினார். செருமனியின் மூனிச் நகர் சார்ந்த அறிஞர் 1987, 1988 ஆண்டுகளில் ஏறத்தாழ 500 பேரை ஆராய்ந்து, அவருள் 43 பேரைக் கொண்டு 843 சோதனைகள் நடத்தினர். களஞ்சியம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இடம் மாற்றி வைத்த நீர்க்குழாயை மேல்தளத்திலிருந்து காணுதலே சோதனை. சிலர்க்கு ஆற்றல் உண்டு என அவர் முடிவு கூறினர். அம்முடிவுகள் தற்செயலுக்கு மேற்பட்டன அல்ல என்று என்ரைட் 1999-இல் மறுத்துக் காட்டினார். ஆற்று வண்டல் நிலத்தில் நீர் நாளமாக ஓடாது, பரந்து கிடக்கும். ஆதலின் அங்கே எவ்விடத்துத் தோண்டினும் நீர் கிடைத்தல் கூடும். கோலும் புகழ் பெறும். கடும்பாறை நிலத்திலோ வெடிப்புக்களிலேயே நீர் தங்கும். சில அடித் தொலைவில் ஒரு கிணறு ஊறும், மற்றொன்று வறளும். ஊறிய கிணறு பேசப்படுகின்றது. வறண்ட கிணற்றின் கடன் பேசப்படுவதில்லை.

கூரத்தின் உண்மைப் பெருமை வேறு. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியது. அது இவ்வூரை ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நீர்வேளூர் நாட்டினதாகக் குறிக்கின்றது. ஊற்றும் நீரும் நாட்டின் பெயரிலேயே அமைந்துள்ளன. பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலையும் அச்செப்பேடு கூறுகின்றது. மண்டபத்தில் பாரதம் படிப்பதற்குப் பங்கு ஒதுக்கியதுபோலவே, அங்கே நீரும் நெருப்பும் அளிப்பதற்கும் பங்கு ஒதுக்கியுள்ளது. இம்மாவட்டத்து உத்திரமேரூரில் 919, 921 ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுக்கள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேரும் முறையை வகுக்கின்றன. அவ்வூர் வைரமேக தடாகத்தின் வண்டலை ஓடம் கொண்டு அகற்றுதற்குக் கொடைகள் அளிக்கப்பட்டன. முன்னோர் நீரைக் காத்த நெறி இதுவே: மழையைத் தேக்குதல், வாய்க்கால் வெட்டுதல், ஆண்டுதோறும் வண்டல் வாருதல். ஏரி நிறைந்தவிடத்துக் கிணறும் ஊறும்.

கோலுக்குத் தொன்மை கற்பிப்போர் மொழிக்குப் பெருமை சேர்ப்பதாகக் கருதுகின்றனர். உண்மையில், எழுத்திற் பொறித்த ஏரியை மறைத்து, எழுத்தில் இல்லாத கோலை அவர் முன்னிறுத்துகின்றனர். அதற்கு விலை கொடுப்பவர் உழவர். வயலில் நின்ற அப்பெரியவருக்கு, “நூலில் அடையாளம் உண்டு, கோல் இல்லை, துளையிடுமுன் பக்கத்துக் கிணறுகளின் ஆழமும் பாறையும் கேட்டறிந்து, நிலநூல் வல்லாரையும் வினவுக” என்று யாம் விடை கூறினோம். அவர் நட்ட கல்லைச் சிறிதுநேரம் நோக்கிப் பின், “ஏரியை முதலில் தூர் வாரச் சொல்லுங்கள்” என்றார். செப்பேடு கூறுவதும் அதுவே என்பது எம் துணிபு.