பக்கப்பெட்டியில் இருந்தவர்

மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் பந்தயத்தை விமர்சனத்துக்குரிய பொருளாக எடுத்துக்கொள்வது நம்மவர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். கவிதை, நாவல், நாடகம் என்பவற்றோடு விமர்சனத்தின் எல்லை முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. விளையாட்டும் மனிதர் கூடிச் செய்யும் செயல்களுள் ஒன்று. அதைப் பற்றிய எழுத்தும் எழுத்தே. ஒரு நாவல் யாரைக் கதாநாயகனாக்குகிறது, யாரைப் பின்னணியில் நிறுத்துகிறது, யாரை முற்றாக மறந்துவிடுகிறது என்று கேட்கும் நாம், அதே கேள்விகளை வேகத்தைப் பற்றிய எழுத்திடம் கேட்காமல் விடுவதற்கு நியாயமில்லை. அந்த எழுத்து உருவாக்கிய வீரனின் உருவம் இன்று நமது வகுப்பறை மாணவரின் கொப்பி மட்டை வரை வந்து சேர்ந்திருக்கும்போது, கேளாமல் விடுவது கடமை தவறுதலுமாகும்.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலமே இவ்வுருவம் பிறந்து வளர்ந்த காலம். அதன் தொட்டில்களுள் முக்கியமானது பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள சிறிய மான் தீவு. பெருநிலத்தில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 20 மைல் என்று வேகத்தை மட்டுப்படுத்தியிருந்தது. பொதுப் பாதையைப் பந்தயத்துக்காக மூடவும் அங்கு இடமிருக்கவில்லை. மான் தீவின் சட்டசபையோ 1904இல் அதற்கு வழிவிட்டது. 1907இல் அங்கே ‘டூரிஸ்ட் ட்ரோபி’ என்னும் மோட்டார்ச் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. 1911 முதல் அது 37 மைலுக்கு மேற்பட்ட மலைப்பாதைச் சுற்றிலே ஓடப்பட்டது. தன் வீட்டு வாசலில் அனுமதிக்காததைச் சிறு தீவொன்றில் நடத்திக்கொள்ளும் வழக்கம் தீவில் வாழும் நமக்குப் புதியதன்று.

1923ஆம் ஆண்டு அப்பந்தயத்தில் முதன்முறையாகப் பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார்ச் சைக்கிள்களும் கலந்துகொண்டன. சைக்கிளின் ஒரு பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு இணைக்கப்படும் பெட்டி அது, ‘சைட்கார்’ என்பர். சாரதி சைக்கிளில் இருப்பார். துணைவர் பெட்டியில் இருப்பார். முதற் பந்தயத்தில் வென்றவர் பிரெடி டிக்சன். டக்ளஸ் இயந்திரம். சராசரி வேகம் மணிக்கு 53.15 மைல். இவ்விவரங்களில் எந்த ஏட்டிலும் மாறுபாடில்லை. பெட்டிக்குள் இருந்தவர் யார்? சில பதிவுகள் வால்டர் டென்னி என்கின்றன. வேறு சில வால்டர் பெரி என்கின்றன. வேகம் தசமத்தின் இரண்டாம் தானம் வரை நுணுக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. மனிதரின் பெயரில் மாத்திரம் உடன்பாடில்லை. ஒரு வரலாற்றின் இயல்பை அறிந்துகொள்ள இந்த ஒரு சான்று போதாதா?

துணைவர் வெறும் சுமையாக இருந்தாரென்றால் அம்மறதியை மன்னிக்கலாம். உண்மை நேர்மாறானது. பக்கப்பெட்டி வண்டி இருபுறமும் ஒத்த வண்டியன்று. பெட்டி இடப்புறத்தில் இருக்குமானால், இடப்புற வளைவில் வேகமாகத் திரும்புகையில் பெட்டியின் சக்கரம் நிலத்தைவிட்டு எழும். துணைவர் தமது உடலை வெளியே நீட்டி, பாரத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கவேண்டும். வலப்புற வளைவில் சைக்கிளின் பின்சக்கரம் இலேசாகிப் பிடிப்பு இழக்கும். துணைவர் அந்தச் சக்கரத்தின் மேல் சரிந்து பாரம் கொடுக்கவேண்டும். டிக்சன் தாமே வடிவமைத்த வண்டியில் இன்னொரு பொறுப்பும் துணைவருக்கு உண்டு. வளைவுக்கேற்பப் பெட்டிச் சக்கரத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் ஒரு நெம்புகோல் இருந்தது. அதை இயக்கியவர் துணைவர். சாரதியும் துணைவரும் ஒரே கணத்தில் ஒரே தீர்மானத்துக்கு வராவிட்டால் இருவரும் மதிலில் மோதுவர். கூட்டு உழைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேறு தேடவேண்டியதில்லை. அப்படியிருந்தும் வெற்றி ஒருவருக்கே எழுதப்பட்டது. 1925ஆம் ஆண்டோடு அத்தீவில் பக்கப்பெட்டிப் பந்தயம் நின்றது. 1954இல்தான் மீண்டும் தொடங்கிற்று.

பந்தயப் பாதையோரத்தில் இருந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். 1927இல் ஆர்ச்சி பேர்க்கின் என்னும் வீரர், எதிரே வந்த மீன் வண்டியொன்றை விலக்கப்போய் உயிரிழந்தார். அது பயிற்சி நேரம்; அக்காலத்தில் பயிற்சியின்போது பாதை மூடப்படுவதில்லை. அதாவது, வீரர் ஒருவர் உச்ச வேகத்தில் பறந்த அதே பாதையில், ஒரு தொழிலாளி தன் அன்றாடப் பிழைப்புக்காக மீன் ஏற்றிச் சென்றான். மறுவருடம் பயிற்சிக்கும் பாதை மூடப்பட்டது. அவ்விடம் இன்று பேர்க்கின் வளைவு என்று அழைக்கப்படுகிறது. இறந்தவரின் நினைவை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் வண்டிக்காரனுக்கு அன்று பாதையில் இருந்த உரிமையைப் பற்றி அந்தப் பெயர்ப்பலகை பேசுவதில்லை.

இனி இலக்கியத்துக்கு வருவோம். அக்கால மோட்டார்ச் சைக்கிள் எழுத்தின் சிகரமாகப் பலராலும் காட்டப்படுவது டி. ஈ. லோறன்சின் ‘தி மின்ட்’ நூலிலுள்ள பாதை பற்றிய அத்தியாயம். அராபியப் போர்க்களத்தில் பிரித்தானியப் பேரரசின் பொருட்டுப் புகழீட்டிய லோறன்ஸ், பின்னர் பெயரை மாற்றிக்கொண்டு விமானப் படையிற் சாதாரண வீரராகச் சேர்ந்தார். அங்கிருந்த நாட்களில் தமது ப்ரௌ சுப்பீரியர் சைக்கிளை, வானிற் பறந்த விமானமொன்றோடு போட்டியிட்டு ஓட்டிய அனுபவத்தையே அவ்வத்தியாயம் விவரிக்கிறது. அந்த உரைநடையின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. காற்றும் இரைச்சலும் அதிர்வும் வாசகனின் உடலிலேயே உறைக்கின்றன. முகாமில் உடனுறையும் தோழர்களுக்காக உணவுப் பொருள் வாங்கிவருவதையும் அவர் மறக்கவில்லை. ஆனால் வேகம் ஏற ஏறத் தோழர்கள் மறைகிறார்கள், கிராமங்கள் மறைகின்றன, இறுதியில் எஞ்சுவன ஒரு மனிதனும் ஓர் இயந்திரமும் மாத்திரமே. உலகம் பாதையாகச் சுருங்கிவிடுகிறது. தனிமனிதன் தன் அக வெறுமையை வேகத்தால் நிரப்ப முயலும் காட்சியே அது. 1935ஆம் ஆண்டு மே மாதம், சைக்கிளில் சென்ற இரு சிறுவரை விலக்கப்போய் லோறன்ஸ் விபத்துக்குள்ளாகி, ஆறு நாட்களின் பின் இறந்தார். எழுத்திலே வெறிதாகத் தோன்றிய பாதையில் உண்மையில் மனிதர் இருந்தார்கள்.

அந்நூல் பொதுமக்களுக்காக அச்சேறியது 1955இல். அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் எழுத்தை அதன் அருகில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். டெனிஸ் ஜென்கின்சன் என்பவர் 1949ஆம் ஆண்டு முதலாவது பக்கப்பெட்டி உலக வாகையர் போட்டியில் எரிக் ஒலிவரின் துணைவராக இருந்து வென்றவர், பத்திரிகையாளர். 1955 மே முதலாந் திகதி, இத்தாலியின் பொதுப் பாதைகளில் ஆயிரம் மைல் ஓடும் மில்லே மிலியா காரோட்டத்தில் ஸ்டேர்லிங் மொஸ் என்பவரின் பக்கத்தில் அமர்ந்து சென்றார். பத்து மணி ஏழு நிமிடத்தில் அவர்கள் வென்றனர். ஜென்கின்சன் அதைத் தம் சஞ்சிகையில் எழுதினார். ஆசனம் மாறியதும் எழுத்தின் தன்மையே மாறிவிடுவதை அங்கே காண்கிறோம். வளைவுகளையும் மேடுகளையும் முன்கூட்டியே சென்று குறித்த நீண்ட காகிதச் சுருள், இரைச்சலில் பேச்சுக் கேளாதபடியால் இருவரும் வகுத்துக்கொண்ட கைச்சைகைகள், ஓட்டத்தின் நடுவே வாந்தியெடுத்து மூக்குக்கண்ணாடியைப் பறிகொடுத்த சங்கடம் ஆகிய யாவும் அதில் இடம்பெறுகின்றன. வேகம் அங்கே தனிமனித தரிசனமன்று. தயாரிப்பு, பயிற்சி, பரஸ்பர நம்பிக்கை என்பவற்றின் விளைவு. லோறன்ஸ் பெரிய எழுத்தாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேகம் எவ்வாறு உண்டாகிறது என்ற உண்மையை நமக்குச் சொன்னவர் ஜென்கின்சனே. இரண்டாவது ஆசனத்திலிருந்து பார்த்தவருக்கு அவ்வுண்மை தெரிந்தது. நமது வாதத்தின் சாரம் இதுவே.

இவ்வாதத்தை நமது நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். இலங்கையில் 1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தொட்டையில் மோட்டார் மலையேற்ற ஓட்டம் தொடங்கியது. சித்திரைப் பருவத்தின் நிகழ்ச்சிகளில் ஒன்றாகப் பின்னர் நிலைபெற்றது. தேயிலைச் சரிவின் குளிர்ச்சியும் கனவான்களின் உற்சாகமும் நினைவுக் கட்டுரைகளில் இனிமையாக வருணிக்கப்படுகின்றன. ஆனால் அச்சரிவுகளைத் தேயிலை நிலமாக்கியவர்கள் யார்? கல்லுடைத்துப் பாதை சமைத்தவர்கள் யார்? பெருமளவில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களே. 1927இல் சட்டமாக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி, முப்பதுகளின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டிக் குறைக்கப்பட்டது. 1934இன் இறுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் இத்தீவின் கிராமங்களிற் பல்லாயிரவரைக் கொன்றது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1948இல் அம்மக்களிற் பெரும்பாலானோரின் குடியுரிமையும் பறிபோயிற்று. பந்தய நினைவுகளையும் இவற்றையும் வெவ்வேறு ஏடுகளில் எழுதிவைத்திருக்கிறோம். ஒரே மலையில், ஒரே தலைமுறையில் நிகழ்ந்தவற்றை ஒரே பக்கத்தில் வைத்து வாசிப்பதே விமர்சகனின் தொழில். அம்மக்களின் துயரை நெடுங்காலம் தூரத்துச் செய்தியாகக் கருதிய யாழ்ப்பாணத்தவராகிய நாம், இதைச் சொல்லும்போது நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

நமது மண்ணின் பந்தயமாகிய மாட்டுவண்டிச் சவாரியை எடுத்துக்கொண்டாலும் நிலைமை வேறில்லை. சவாரித் திடலில் மாட்டின் சொந்தக்காரருடைய பெயர் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. விடியுமுன் எழுந்து புல்லுச் செருக்கி, தண்ணீர் காட்டி, அம்மாட்டை வளர்த்தெடுத்த கூலியாளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பழமை என்பதனாலேயே ஒன்று நியாயமாகிவிடாது.

மோட்டார்ச் சைக்கிளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அருமருந்தாகிய காலத்தில், சில துளி பெற்றோலால் உயிரூட்டி மண்ணெண்ணெயில் இயந்திரங்களை ஓடவைத்தார்கள் நமது திருத்தகத் தொழிலாளர்கள். நோயாளியும் ஆசிரியரும் மரக்கறி மூடையும் அக்கரும்புகையினூடே போய்ச் சேர்ந்தனர். குடும்பமொன்று முழுவதும் ஒரே சைக்கிளில் இடம்பெயர்ந்ததும் உண்டு. எந்தக் கிண்ணமும் வழங்கப்படாத அந்த ஓட்டமே நாமறிந்த மகத்தான ஓட்டம். அதன் வீரர்களைப் பற்றிய நூல் நமது வாசிகசாலைகளில் எங்கே?

2009இன் பின்னர் தவணைக் கடனில் புதிய மோட்டார்ச் சைக்கிள்கள் நமது ஒழுங்கைகளை நிறைத்தன. வேகத்தின் கனவையும் தவணையோடு சேர்த்தே விற்றார்கள். விபத்துச் செய்திகளைப் படிப்போர் ஒன்றை அவதானித்திருப்பர்: ஓட்டியவரைப் பற்றிப் பல வரிகள், அவற்றின் முடிவில், பின்னாலிருந்து சென்றவர் படுகாயம் என்று ஒரு வரி. 1923இன் பக்கப்பெட்டித் துணைவரும் இவரும் உறவினரே. தலைக்கவசத்தின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. மான் தீவுப் பந்தய வீரருக்கு அது 1914இலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பிரித்தானிய இராணுவத்தில் கடிதம் சுமந்து ஓடிய சாதாரண மோட்டார்ச் சைக்கிள் வீரருக்கு 1941இல்தான் அது கட்டாயமாயிற்று. அதற்கு வழிகோலியவர், லோறன்சின் மரணப்படுக்கையருகே நின்ற மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெயன்ஸ். புகழ்பெற்ற ஒருவரின் சாவிலிருந்து பெயரற்ற பலரின் உயிரைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய அம்மருத்துவரின் மனப்பாங்கே எழுத்தாளனுக்கும் வேண்டியது.

வேகத்தை வெறுக்கும்படி நாம் மாணவரைக் கேட்கவில்லை. இளமை வேகத்தை விரும்பும்; இயந்திரமோ மனித அறிவின் வெற்றி. நாம் கேட்பது வேறு. அடுத்த முறை வேகத்தைப் பற்றி ஒரு கதையோ கட்டுரையோ எழுதும்போது, ஓட்டுபவனின் கண்ணிலிருந்து மாத்திரம் எழுதாதீர்கள். பக்கப்பெட்டியில் சரிந்து பாரம் கொடுத்தவரின் கண்ணிலிருந்து, எதிரே மீன் ஏற்றி வந்தவனின் கண்ணிலிருந்து, பாதைக்குக் கல்லுடைத்தவளின் கண்ணிலிருந்து எழுதிப் பாருங்கள். அந்தப் பார்வையில் வேகம் குறைந்துவிடாது. அதன் விலை என்ன, அதைக் கொடுத்தவர் யார் என்பது தெரியவரும்.