குடியிருப்பவரின் மௌனம்

சென்ற மாதம் ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் நாலைந்து நாட்கள் தங்கியிருந்தேன். எனக்கு மருமகள் முறையாகும் பெண் ஒருத்தி அங்கே ஆசிரியையாக இருக்கிறாள். தாயாருடன் வாடகை வீட்டில் வாசம். ஓர் இரவு, வெளியே தலைகாட்ட முடியாத குளிர். அவளுடைய மடிக்கணினியில் செழியனின் ‘டு லெட்’ படத்தை மூவருமாகப் பார்த்தோம். எனக்கு அது இரண்டாம் தடவை. முதல் தடவை கொண்ட அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

கதை நடப்பது 2007-ஆம் வருஷத்துச் சென்னையில். கம்ப்யூட்டர் கம்பெனிச் சம்பளத்தால் வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம். சினிமாவை நம்பி வாழும் இளங்கோ, மனைவி அமுதா, சின்னஞ்சிறு பையன். வீட்டுக்காரி ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிடுகிறாள். பிறகு வீடு வீடாக அலைச்சல். ஓரிடத்தில் ஜாதி கேட்கிறார்கள். ஓரிடத்தில் மாமிசம் உண்டா என்கிறார்கள். சினிமாக்காரர் என்றால் கதவே திறப்பதில்லை. பின்னணி இசைகூட இல்லாமல் இவ்வளவையும் சொல்லிவிடுகிறார் செழியன்.

முதல் தடவை பார்த்தபோது, “கதை சட்டத்தின் பக்கமே போகவில்லையே!” என்று நண்பர்களிடம் குறை சொன்னேன். அப்போது 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் இருந்தது. வாடகை பாக்கி, சொந்தக்காரருக்கே வீடு தேவை என்பது போன்ற காரணங்களை நிரூபித்தால்தான் குடியிருப்பவரை வெளியேற்றலாம். அதிக வாடகைக்கு வேறு ஆள் வருகிறார் என்பது ஒரு காரணமே அல்ல. மாதம் நானூறு ரூபாய்க்கு மேல் வாடகை தருகிறவருக்குப் பாதுகாப்பு இல்லை என்றிருந்த பிரிவையும் சுப்ரீம் கோர்ட் 1986-இல் ரத்து செய்துவிட்டது. இளங்கோ துணிந்து நின்றிருக்கலாம் அல்லவா?

படம் முடிந்ததும் மருமகள் விளக்கைப் போட்டுவிட்டு, “என்னையும் தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், மாமா” என்றாள்.

“எழுத்துமூலம் ஒப்பந்தம் இருக்கிறதா, அம்மா?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். “ரசீதே கிடையாது. வாடகைக்கு விடுகிற வீடு இந்த ஊரில் விரல் விட்டு எண்ணலாம். ஒருவரோடு வழக்காடினால் அடுத்த வீட்டை யார் தருவார்கள்?”

நான் பேசாமல் இருந்துவிட்டேன். பழைய சட்டமும் சென்னைக்கும் நகராட்சிகளுக்குந்தான் நேராகச் செல்லும். மற்ற ஊர்களுக்குச் சர்க்கார் தனியே அறிவிக்க வேண்டும். ஆனால் சட்டம் எட்டியிருந்தாலும் அவள் வழக்குக்குப் போயிருக்க மாட்டாள் என்று தோன்றியது. வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும். வீட்டுக்காரர் முகத்தில் தினந்தோறும் விழிக்க வேண்டும். குடும்பம் உள்ளே இருக்கும்போதே அந்நியர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கும் காட்சி படத்தில் வருகிறது. அந்த அவமானத்துக்கு எந்தப் பிரிவின் கீழ் மனுப் போடுவது?

இந்தப் படம் தியேட்டர்களுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அதே மாதந்தான் 1960-ஆம் வருஷச் சட்டத்துக்கு மாற்றாக 2017-இல் இயற்றிய புதிய சட்டம் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத வேண்டும், பதிய வேண்டும் என்கிறது அது. நல்லதுதான். ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்து, சொந்தக்காரர் புதுப்பிக்க மறுத்தால், குடியிருப்பவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். பதினொரு மாதத்துக்கு எழுதுவது நம்மவர் வழக்கம். பாதுகாப்பும் பதினொரு மாதத்துக்கே.

ஆகவே, இளங்கோ ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று இனி நான் கேட்கமாட்டேன். ஆனாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. அவன் போக நினைத்து, வேண்டாமென்று விட்டதாக ஒரு வார்த்தை வந்திருக்கலாம். மருமகள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு அமுதாவுக்கும் இருந்திருந்தால் படம் இன்னும் நிறைந்திருக்கும்.

மறுநாள் காலை அவளும் நானும் வீடு தேடிக் கிளம்பினோம். முதல் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பெரியவரும் கூடவே இருப்பாரா?” என்று கேட்டார்.