எவ்.ஏ. கிண்ணமும் வடகொழும்பின் ஆட்டமரபும்

1871இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் சார்ள்ஸ் அல்கொக், தாம் படித்த ஹரோ பாடசாலையில் இல்லங்களுக்கிடையே நடந்த விலகல் முறைப் போட்டியை எவ்.ஏ. கிண்ணமாக நாடு முழுவதற்கும் விரித்தார். தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த சுற்றுக்கு. இலங்கையில் 1939இல் தேசியச் சங்கம் உருவானது. அதன் கீழ் வளர்ந்த எவ்.ஏ. கிண்ணமும் இதே விதியில்தான் நடக்கிறது.

இக்கிண்ணத்துக்காக மோதிய அணிகளை மூன்று மரபுகளாகப் பார்க்கலாம். முதலாவது நம் வடகொழும்பினது. புறக்கோட்டையின் சோண்டர்ஸ், கொட்டாஞ்சேனையின் ரினௌன், ரட்ணம் ஆகிய கழகங்கள் கொச்சிக்கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் வளர்ந்தவை. சற்றுத் தள்ளிக் கொம்பனித்தெருவில் ஜாவா லேன். ஒழுங்கையில் பழகிய கால்கள் பந்தை விட்டுக்கொடுப்பதில்லை. குறுகிய பரிமாற்றமே அவற்றின் பலம். புனித பெனடிக்ற் கல்லூரி போன்ற பாடசாலைகள் அந்தத் திறமைக்குக் கட்டுப்பாட்டைக் கற்பித்தன.

இரண்டாவது படையணிகள். இராணுவம், விமானப்படை, கடற்படை, பொலிஸ் வீரர்களுக்கு மாதச் சம்பளமும் தினப் பயிற்சியும் உண்டு. தொண்ணூறாவது நிமிடத்திலும் தளராத ஓட்டம் அதன் பலன்.

மூன்றாவது மாவட்டக் கழகங்கள்: களுத்துறை புளு ஸ்டார் முதல் மன்னார், குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கடலோர அணிகள் வரை. லீக்கில் பெரிய கழகங்களைச் சந்திக்க வாய்ப்பில்லாத இவர்களுள் பலருக்குக் கிண்ணம்தான் வாசல்.

கிண்ண ஆட்டத்தின் தராதரம் சமநிலையில்தான் தெரியும். மேலதிக முப்பது நிமிடமும் ஓடிக் களைத்த வீரன், பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்துப் பின்னோக்கி நடக்கிறான். கோலுக்குப் பதினொரு மீற்றர். அங்கே கழகத்தின் பெயரோ பழைய வெற்றிகளோ உதவா. பெரிய அணியும் சிறிய அணியும் அந்தப் புள்ளியில் சமம். கிண்ணத்தின் பெருமை அதுவே.

ஆனால் ஆசியக் கிண்ண வெற்றியாளர் போட்டி 2002இல் முடிவுக்கு வந்ததோடு, தேசியக் கிண்ணம் வென்றவர்களுக்குத் தனியாக இருந்த அந்த வெளிநாட்டுப் பாதை அடைபட்டது. 2023 ஜனவரியில் இலங்கைச் சங்கத்துக்குப் பீபா விதித்த தடை ஓகஸ்ட் வரை நீடித்தது. நிர்வாகச் சண்டையின் விலையை வீரர்களே கொடுத்தார்கள்.

ஆகவே நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கிண்ணத்தை ஆண்டுதோறும் தவறாமல் நடத்துங்கள்; மாவட்டச் சுற்றுகளைச் சுருக்காதீர்கள். இறுதியாட்டம் சுகததாஸ அரங்கில் நடக்கும்போது வடகொழும்பு மக்களே, கதவடியில் நிற்காமல் உள்ளே வந்து இருக்கைகளை நிரப்புங்கள்.