வாக்கியத்தில் வினைமுதல்

சீதையைத் தேடிச் சென்று மீண்ட அனுமன், வேறெதனையும் கூறுமுன் கண்ட செய்தியையே இராமனிடம் முதலில் உரைத்ததாகக் கம்பர் அமைத்த நுட்பத்தை நம் இலக்கிய மேடைகளில் கேளாதார் இலர். சொல் நிற்கும் இடத்தாலேயே இராமனின் ஐயம் தீர்கிறது. இத்தகைய நுட்பம் செய்யுளுக்கு மட்டும் உரியதன்று. நம் மாணவர் எழுதும் உரைநடைக்கும் உரியதாகும்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பள்ளிகளில் 'எங்கள் தோட்டம்' என்னும் தலைப்பைக் கொடுத்தால், கட்டுரைகள் பெரும்பாலும் இவ்வாறு தொடங்குகின்றன: 'காடு அழிக்கப்பட்டது; ரப்பர் கன்றுகள் நடப்பட்டன; பால் எடுக்கப்பட்டது.' இலக்கணப் பிழை யாதுமில்லை. ஆனால் அழித்தவர் யார்? நட்டவர் யார்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வாளி சுமந்தவர் யார்? வாக்கியத்துள் அவர்களுக்கு இடமே இல்லை.

தமிழ் வினைமுற்று, செய்தவரைத் தன் விகுதியிலேயே தாங்கி நிற்பது. 'காட்டை அழித்தார்கள்' என்றால், எழுவாய் வெளிப்படாவிடினும் மனிதர் அங்கே இருக்கின்றனர். 'படு' என்னும் துணைவினை சேர்ந்ததும் காடு எழுவாயாகிறது. விகுதியும் காட்டுக்கே உரியதாகிறது. மனிதர் மறைந்துவிடுகின்றனர்.

செயப்பாட்டு வினை தள்ளத்தக்கது என்பது நம் கருத்தன்று. '1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்' என்று எழுதும்போது, துன்புற்றவரே முன்நிற்கின்றனர், அது தகும். எனினும், அவ்வளவில் நிறுத்திவிட்டால் அஃது எவரும் செய்யாத இயற்கைப் பேரிடர் போலத் தோன்றும். 'கொண்டு சென்றோர் ஜப்பானியப் படையினர்' என்று அடுத்த வாக்கியம் சொல்லியாக வேண்டும். துன்புற்றவரைக் காட்டும் வாக்கியமும் துன்புறுத்தியவரைக் காட்டும் வாக்கியமும் சேர்ந்தே வரலாறாகின்றன.

செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றும் பயிற்சியை நாம் மதிப்பெண்ணுக்காகவே நடத்தி வருகிறோம். அதனோடு 'யார்?' என்னும் ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். விடை அறியாத பிள்ளை வீட்டுக்குச் சென்று பெரியோரைக் கேட்கும். மறுநாள் 'என் பாட்டி இந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவினார்' என்று திருத்தி எழுதும். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இந்நாளில், அப்பாட்டி நிலைத்து நிற்க எஞ்சிய இடங்களுள் ஒன்று அவ்வாக்கியம். அதனை எழுதக் கற்பிப்பது ஆசிரியப் பெருமக்களின் கடனாகும்.