‘ஆடு பாம்பே’: சித்தர் விளியும் அவியல் இசைக்குழுவின் பாடலும்

பாம்பாட்டிச் சித்தர் பாடல்களைப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் ஞானக்கோவைப் பதிப்புகளோடு நின்றுவிடுகின்றன. அப்பாடல்களை முடித்துவைக்கும் ‘ஆடு பாம்பே’ என்னும் விளி, 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு ராக் இசைத்தொகுப்பில் மின்கிதாரோடு சேர்ந்து ஒலித்தது என்பது தமிழ்த்துறைகளின் கவனத்திற்கு வந்ததாகத் தெரியவில்லை. திருவனந்தபுரத்தில் தோன்றிய ‘அவியல்’ என்னும் குழு மலையாளத்திலேயே ராக் இசை பாடியது. ‘நட நட’ என்னும் பாடல் முதலில் காட்சிப் பாடலாகப் பரவிப் பெயர் பெற்றது. பின்னர் எட்டுப் பாடல்கள் கொண்ட தொகுப்பை மும்பை நிறுவனமான ஃபாட் ஃபிஷ் வெளியிட்டது. அந்த எட்டில் ஒன்று ‘ஆடு பாம்பே’. அதன் சொற்கள் சித்தருடையன அல்ல. நாராயண குரு இயற்றிய ‘குண்டலினிப் பாட்டி’லிருந்து எடுக்கப்பட்டவை. சித்தர், குரு, இசைக்குழு என்னும் இம்மூன்று நிலைகளில் அவ்விளி அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை நோக்க முற்படுகின்றது.

குருவின் பாட்டைப் புரிந்துகொள்ள அவர் நடமாடிய நிலப்பகுதியை முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவர் தவம் இயற்றிய மருத்துவாமலை இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1888இல் அவர் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் நெய்யாற்றங்கரையில், கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ளது. அவர் காலத்தில் இவை இரண்டும் திருவிதாங்கூரே. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையைக் கடந்து களியக்காவிளைக்கு வருவோர்க்குப் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகின்றது. சந்தைப் பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. ஆயினும் நம் இலக்கிய வரலாறுகள் பெயர்ப்பலகையையே பின்பற்றுகின்றன. தேவாரப் பதிகங்கள் என்ற பெயரில் தமிழிலேயே பாடியவரும், திருக்குறளின் பகுதிகளையும் ஒழிவில் ஒடுக்கத்தையும் மலையாளமாக்கியவருமான நாராயண குருவுக்கு அவற்றில் இடமில்லை, அல்லது ஒரு வரி இடமே உண்டு.

‘ஆடு பாம்பே’ என்னும் தொடரின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. ஏவலொருமையில் வினைப்பகுதி ஈறின்றித் தனியே நிற்றலும், அஃறிணைப் பெயர் ஏகாரம் பெற்று விளியாதலும் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவானவை. எனவே இத்தொடரைத் தமிழெனக் கொள்ளினும் மலையாளமெனக் கொள்ளினும் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டுவதில்லை. குரு இதனை மொழிபெயர்த்தார் என்று சொல்வது பொருந்தாது. பெயர்க்க எதுவும் இல்லை. சித்தர் மரபை அறிந்த ஒருவர் அவ்விளியை அப்படியே கைக்கொண்டார் என்பதே பொருந்தும். குருவுக்கு யோகம் பயிற்றிய தைக்காட்டு அய்யாவு சுவாமிகள் தமிழ் வழிவந்தவர் என்பதையும் இங்குக் கருதலாம்.

விளி ஒன்றாயினும் பாடுபொருள் ஒன்றன்று. இவ்விடத்தில்தான் ஒப்பாய்வு பயன் தருகின்றது. பாம்பாட்டிச் சித்தரின் பாடல்களில் ஓங்கி ஒலிப்பது பாடுவோனின் குரல். தன் சித்திகளைப் பெருமிதத்தோடு உரைப்பதும், அரச செல்வத்தை எள்ளுவதும், உடலின் நிலையாமையைக் கடுஞ்சொல்லால் இடித்துரைப்பதும் அங்கே மிகுதி. பாம்பு அவருக்குக் கேட்போனாக அமைகின்றது. குருவின் பாட்டில் இப்பெருமிதம் முற்றிலும் அடங்கிவிடுகின்றது. திங்கள், கொன்றை, திருநீறு, கண்ணீர் பெருக்கி நிற்கும் அடியவன் நிலை என அப்பாட்டு அடுக்கிக் காட்டுவன சித்தர் உலகைவிடத் தேவார உலகிற்கே நெருங்கியவை. பாம்பு இங்கே கூத்தனைக் கண்டு ஆடும் அடியாராகின்றது. சித்தரின் விளிக்குள் நாயன்மாரின் உள்ளடக்கத்தை வைத்ததே குரு செய்த புதுமை எனலாம். இதனைச் சித்தர் மரபின் எளிய தொடர்ச்சி என்று மட்டும் கூறிச் செல்வது இரண்டு நூல்களுக்கும் நீதி செய்வதாகாது.

இனி அவியலின் பாடல். டோனி ஜானின் குரலும் ரெக்ஸ் விஜயனின் கிதாரும் முன்னிற்க, தாளக்கருவிகள் வலுவாக இயங்கும் அமைப்பு அது. பி. பி. கிரீஷ், ஏங்ஙண்டியூர் சந்திரசேகரன் போன்ற இக்காலக் கவிஞர்களின் சொற்களைப் பாடிய குழு, அதே தொகுப்பில் குருவின் பாட்டையும் பக்திப் பாடல் என்று ஒதுக்காமல் வைத்தது துணிவான தேர்வு. ராக் இசை ஒரு சிறு சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்து வேகம் ஏற்றுவது. ‘ஆடு பாம்பே’ என ஒவ்வோர் ஈரடியும் வந்து முடியும் பாட்டும் அதே இயல்பினது. பாம்பாட்டிக்கு மகுடி செய்யும் வேலையை இங்கே மின்கிதார் செய்கின்றது. சித்தரின் பாடல்களை அச்சில் மட்டுமே படித்துப் பழகிய நமக்கு, அவை ஆட்டுவிப்பதற்கென அமைந்த பாடல்கள் என்பதை இவ்விசை நினைவூட்டுகின்றது. இவ்வொரு காரணத்திற்காகவே சித்தர் இலக்கியம் கற்பிக்கும் வகுப்பில் இப்பாடலை ஒலிக்கச் செய்யலாம்.

குறையும் உண்டு. இசையின் வேகத்தில் சொற்கள் பொருளிழந்து வெறும் மந்திர ஒலியாகக் கேட்கப்படும் இடர் மிகுதி. கண்ணீர் பெருகும் நிலையைக் கூறும் இடமும் கூத்தைக் கூறும் இடமும் ஒரே அழுத்தத்தில் செல்லும்போது, குரு சித்தரிடமிருந்து விலகிய நுட்பம் மறைந்து, பாட்டு மீண்டும் பாம்பாட்டியின் ஆரவாரத்திற்கே திரும்பிவிடுகின்றது. இதற்கு எதிர்நிலையில், 2020இல் திருச்சூரில் ஆயிரக்கணக்கான மோகினியாட்டக் கலைஞர்கள் இதே குண்டலினிப் பாட்டிற்கு ஒருசேர ஆடினர். அங்கே மென்மை இருந்தது; விளியின் ஏவல் வன்மை தளர்ந்தது. இரண்டனுள் ஒன்றைத் தேர்க எனில் அவியலின் பாடலையே என் செவி நாடும். பாம்பை ஆட்டுவிக்கும் அதிகாரம் அதில்தான் உள்ளது.

ஒரு சொல்லைச் சுட்டுதல் வேண்டும். குருவின் பாட்டில் சிவன் சூடுவது ‘கொன்ன’. தேவாரம் கூறும் ‘கொன்றை’யின் றகர ஒலி மலையாளத்தில் னகர இரட்டிப்பாக மாறிய வடிவம் இது. கன்று ‘கன்னு’ எனவும் ஒன்று ‘ஒன்னு’ எனவும் வழங்குவதை ஒத்தது. விளவங்கோட்டு வட்டத்தின் நாட்டு வழக்கில் இத்தகைய வடிவங்கள் அயலானவை அல்ல. குண்டலினிப் பாட்டைத் தமிழ் எழுத்தில் பதிப்பிக்க முற்படுவோர் இவ்விடத்தைக் ‘கொன்றை’ எனத் திருத்தாமல், ‘கொன்ன’ என்றே விட்டு அடியில் உரை எழுதுவது நலம்.